சுழி

வாளையாறு செக்போஸ்ட் தாண்டி
கஞ்சிக்கோட்டில் ஒரு தகரக் கூரை.
இரண்டு ஏசி, ஓடுவது ஒன்று.
அது தோலுக்கு. எங்களுக்கு மின்விசிறி.
நான் அங்கே கணக்கு எழுதுகிறவள்,
கொழிஞ்சாம்பாறை பிலோமி.
கையெழுத்து மலையாளம், கூட்டல் தமிழ்.

இதற்கு முன் வேறொரு கம்பெனியில்
ஒன்பது வருஷம் முயல் கணக்கு.
வரவு நாற்பது. கழிவு நாற்பது.
காதுக்குள் பச்சையில் எண் குத்தியிருக்கும்.
வெளிச்சத்தில் பிடித்தால்
வெற்றிலை போல நரம்பு ஓடும்,
நரம்புக்கு நடுவே நூற்றுப் பதினேழு.
தலை மட்டும் வெளியே நீட்டிய பெட்டிகளில்
வரிசையாக உட்கார்ந்திருக்கும்.
துளி விழுந்த கண்ணைத் துடைக்க
முன்னங்கால் எட்டாது.
சத்தம் போடாத பிராணி,
அதனால் பக்கத்து அறையில்
டிபன் பாக்ஸ் திறக்க முடிந்தது எங்களால்.

அதைச் சொல்லி அழ மாட்டேன்.
சம்பளம் ஒன்றாம் தேதி வந்தது.

இங்கே முயல் இல்லை.
நல்லேப்பிள்ளி தேவயானையின் வயிற்றுத் தோல்
உள்ளங்கை அகலம் இருக்கிறது.
குடலிறக்க ஆபரேஷனில் மிச்சமானது.
சம்மதப் படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன்.
செங்கல் சூளைக் கை, பேனா நிற்கவில்லை.
"நாலு புள்ளைய சுமந்த தோலுங்க,
இன்னும் எதைச் சுமக்கோணும்?" என்றாள்.
பெருவிரல் வைத்தபின் கதவருகே திரும்பி,
"அங்க வெச்சும் அதுக்கு வலிக்குமா?"

டாக்டர் ஸெபா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்தத் தோலை வட்டுகளாக வளர்த்தோம்,
ரோஸ் நிற நீரில், பொட்டு அளவு.
என் பழைய கம்பெனியே களிம்பு அனுப்பியது
(அறுபது நாள் கடன், இன்னும் பாக்கி).
முயல்கள் நாற்பதும் சரி என்று சொன்ன களிம்பு.
மூன்றாம் நாள் காலை
தேவயானை வெளுத்துப்போயிருந்தாள்,
பொட்டு பொட்டாக.

இதற்குத்தான் நாற்பத்தொரு லட்சம் கேட்டோம்.
விண்ணப்பம் கம்ப்யூட்டரில்.
பன்னிரண்டாவது கட்டம்:
பயன்படுத்தும் விலங்குகளின் எண்ணிக்கை.
சுழி போட்டேன்.
சிவப்பு நட்சத்திரம் வந்தது.
மறுபடி போட்டேன். மறுபடி நட்சத்திரம்.
திருவனந்தபுரத்துக்கு ஃபோன் செய்தால்
நல்ல மனுஷர், குரலைத் தாழ்த்தி,
"ஒரு எலியெங்கிலும் வைக்கூ மேடம்,
சிஸ்டம் எடுக்கும்" என்கிறார்.

ஒரு எலி.
மூச்சு விடாத எலி, காகிதத்தில்.
ஆனால் எனக்குக் கணக்கு தெரியும்.
காகித எலிக்கும் தீனி பில் வேண்டும்.
கூண்டு வேண்டும், கூண்டுக்கு அறை,
அறைக்கு ஆள், ஆளுக்கு பிஎஃப்.
செத்ததற்குச் சான்று வேண்டும்.
அடுத்த வருஷம் ஆடிட்டர் கேட்பார்:
போன முறை ஒன்று, இந்த முறை ஏன் குறைந்தது?
கோப்புக்குள் குட்டி போடும் அது.

ஸெபாவிடம் சொல்லவில்லை.
இரவு எட்டு மணி. கட்டத்தில் கர்சர் துடிக்கிறது.
ஒன்று என்று அடித்தேன்.
நட்சத்திரம் மறைந்தது.
எவ்வளவு சுலபமாக மறைந்தது.

நெடுஞ்சாலையில் பொள்ளாச்சிச் சந்தை மாடுகள்
லாரியில் எல்லை தாண்டிக்கொண்டிருந்தன.
சந்தையில் தரகர்கள் முதலில் சுழிதான் பார்ப்பார்கள்,
நெற்றியில், முதுகில், வால் அடியில்.
சுழி தப்பினால் விலை இல்லை.

அழித்தேன்.
சுழி.
நட்சத்திரம்.
அப்படியே அச்செடுத்து, கையெழுத்து வாங்க
ஸெபா மேஜையில் வைத்தேன்.
நாளை ரிஜிஸ்டர் தபால், நாற்பத்தைந்து ரூபாய்,
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

கிளம்பும்போது ஏசியைத் தொட்டுப் பார்த்தேன்.
ஓடுகிறது.
உள்ளே தேவயானை,
முப்பத்தேழு டிகிரியில்.